கல்லூரி கேன்டீன் வரிசையை ஆப் குறைக்குமா? தோசைக்கல் பக்கம் நின்று ஒரு கணக்கு

மதுரைப் பக்கம் கணினி அறிவியல் படிக்கும் இறுதியாண்டு மாணவர்களிடம் ப்ராஜெக்ட் தலைப்பு கேட்டால், வகுப்புக்கு ஒரு குழுவாவது 'கேன்டீன் ஆப்' என்று சொல்லும். நல்ல தலைப்புதான். பிரச்சினை தினமும் கண்ணில் படுகிறது, பயன்படுத்தப் போகிறவர்கள் பக்கத்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஆப்களில் பல, வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்த கையோடு மறந்து போகின்றன. மெனு இருக்கும், கார்ட் இருக்கும், பணம் கட்டும் பக்கம் இருக்கும், 'உங்கள் ஆர்டர் தயார்' என்ற அறிவிப்பும் வரும். வரிசை மட்டும் அப்படியே இருக்கும். அது ஏன் என்று பார்த்தால், அந்த ஆப்பை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இது சின்ன விஷயம் இல்லை. உசிலம்பட்டி, பேரையூர், மேலூர், நத்தம் பக்கமிருந்து மதுரைக்குப் படிக்க வருகிற பிள்ளைகள் பலர் விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறுகிறார்கள். அந்த நேரத்துக்கு வீட்டில் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள். இவர்களுக்கு இன்டர்வெல்தான் காலைச் சாப்பாடு. பதினைந்து, இருபது நிமிடம். அதற்குள் கூட்டத்தில் புகுந்து, டோக்கன் வாங்கி, தட்டை வாங்கி, சாப்பிட்டு, கை கழுவி, மாடி ஏறி வகுப்புக்குள் உட்கார வேண்டும். முண்டியடிக்கத் தெரிந்தவனுக்குப் பொங்கலும் வடையும் கிடைக்கும். ஒதுங்கி நிற்கிற பெண்ணுக்கு ஒரு டீயும் பன்னும் கிடைக்கும், மதியம் வரை அதில்தான் அவள் ஓட்ட வேண்டும். கேன்டீன் வரிசையைச் சரிசெய்வதை வசதிக்கான வேலையாக என்னால் பார்க்க முடியவில்லை. பசியோடு பாடம் கேட்கிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கிற வேலை அது.

இடத்தைப் பொறுத்தும் பிரச்சினை மாறும். கோரிப்பாளையம் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கன் கல்லூரி 1881-இல் தொடங்கியது. அதுபோல ஊருக்குள் இருக்கிற வளாகமென்றால், கேன்டீனில் கூட்டத்தைப் பார்த்தவுடன் வாசலைத் தாண்டி டீக்கடைக்குப் போய்விடலாம். 1966-இல் தொடங்கிய மதுரை காமராசர் பல்கலைக்கழகம் நாகமலைப் புதுக்கோட்டை தாண்டி, பல்கலை நகரில், தேனி ரோட்டில் விரிந்து கிடக்கிறது. அப்படி ஊருக்கு வெளியே இருக்கும் வளாகங்களில் கேன்டீனை விட்டால் வழி குறைவு. ஊருக்குள் வரிசை நீண்டால் கேன்டீன்காரருக்கு வியாபாரம் போகும். வெளியே வரிசை நீண்டால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போகும். ஆப் எழுத உட்காருகிறவர்கள், தங்கள் வளாகம் இதில் எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

முதலில் அளக்க வேண்டும்

வரிசைகளைப் பற்றிய கணக்கு டெலிபோனில் பிறந்தது. டென்மார்க்கில், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் என்ற கணித அறிஞர், இவ்வளவு அழைப்புகள் வந்தால் எத்தனை லைன்கள் வேண்டும் என்று கணக்குப் போட்டு, 1909-இல் தன் முதல் கட்டுரையை வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்த துறையில் இரண்டு விஷயங்கள் தெரிந்தால் கேன்டீனுக்குப் போதும்.

ஒன்று, அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி. ஓரிடத்தில் சராசரியாக எத்தனை பேர் நிற்கிறார்களோ, அது நிமிடத்துக்கு எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்பதையும் ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதையும் பெருக்கினால் வருவது. கேட்க எளிதாக இருக்கும், பயனோ பெரிது. கேன்டீனில் 60 பேர் நிற்கிறார்கள், நிமிடத்துக்கு 5 பேர் டோக்கனோடு நகர்கிறார்கள் என்றால், இப்போது போய்ச் சேருகிறவர் 12 நிமிடம் நிற்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். தலையை எண்ணி வகுத்தால் போதும். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ஆப் எழுதினால், பிறகு வரிசை குறைந்ததா இல்லையா என்று சொல்லவே முடியாது.

இரண்டாவது, ஆட்கள் ஒழுங்கில்லாமல் அங்கொருவர் இங்கொருவராக வரும்போது, கவுன்ட்டரில் இருப்பவருக்கு எவ்வளவு வேலை நெருக்கடி இருக்கிறதோ அதைவிட வேகமாகக் காத்திருப்பு ஏறும். ஒற்றைக் கவுன்ட்டருக்கான பாடப்புத்தகக் கணக்குப்படி, அவருடைய நேரத்தில் பாதி வேலையில் போனால், வருகிறவர் சராசரியாக ஒரு ஆளுக்கு பில் போடும் நேரம் காத்திருப்பார். 80 சதவீதம் போனால் நான்கு ஆள் நேரம். 90 சதவீதம் என்றால் ஒன்பது ஆள் நேரம். 'எந்நேரமும் கையும் காலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்' என்று ஒரே ஆளைக் கல்லாவில் உட்கார வைக்கிற நிர்வாகம், வரிசையைத் தன் கையால் வளர்க்கிறது.

ஆனால் கல்லூரியில் ஆட்கள் அங்கொருவர் இங்கொருவராக வருவதில்லை. பெல் அடித்தால் மொத்தமாக வருகிறார்கள். அதனால் ஒரு கணக்கை விரலால் எண்ணுகிற மாதிரி போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிதலுக்காக நான் வைத்துக்கொள்பவை. உங்கள் கேன்டீனில் அளந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்டர்வெல் 10:50 முதல் 11:10 வரை. பெல் அடித்த மூன்று நிமிடத்துக்குள் 150 பேர் வந்து சேருகிறார்கள். கல்லாவில் ஒருவர். காசை வாங்கி, சில்லறை கொடுத்து, டோக்கனைக் கிழித்துத் தர ஆளுக்கு 12 விநாடி. நிமிடத்துக்கு 5 பேர். 20 நிமிடத்தில் 100 பேர்தான் டோக்கன் வாங்க முடியும். கடைசி 50 பேருக்குக் கல்லாவையே தொட முடியாது. இதைப் பார்த்ததும் யாருக்கும் தோன்றுவது, 'கல்லாதான் பிரச்சினை, பில்லை போனுக்கு மாற்றிவிட்டால் முடிந்தது' என்பதுதான். பெரும்பாலான கேன்டீன் ஆப்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன.

கல்லாவைத் தாண்டினால் கல்

சரி, பில் போடும் நேரம் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்வோம். 150 பேரில் 60 பேருக்குத் தோசை வேண்டும், ஆளுக்கு ஒன்று. கல்லில் ஒரு சமயத்தில் ஆறு தோசை ஊற்றலாம், ஒரு சுற்று எடுக்க மூன்று நிமிடம். அப்படியென்றால் நிமிடத்துக்கு 2 தோசை. சாப்பிட்டுக் கைகழுவி வகுப்புக்குப் போக எட்டு நிமிடம் வேண்டும், ஆகவே 11:02-க்குள் தட்டு கையில் இருக்க வேண்டும். அந்த 12 நிமிடத்தில் 24 தோசை. மீதி 36 பேர் முன்பு கல்லாவுக்கு முன்னால் நின்றார்கள், இப்போது தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கிறார்கள். அதுவும் பணம் கட்டிவிட்டு நிற்கிறார்கள். முன்பாவது கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போயிருப்பார்கள்.

இது கற்பனைப் பயம் இல்லை. ஸ்டார்பக்ஸ் நிறுவனத்துக்கே அமெரிக்காவில் இது நடந்தது. 2014 கடைசியில் போர்ட்லாந்தில் மொபைலில் முன்கூட்டி ஆர்டர் செய்யும் வசதியைத் தொடங்கி, 2015-இல் நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். 2017 தொடக்கத்தில் அவர்களே சொன்னார்கள்: கூட்டமான கடைகளில் மொபைல் ஆர்டர்கள் குவிந்து, காப்பி வாங்கிக்கொள்ளும் இடத்தில் நெரிசலாகி, நேரில் வருகிற சிலர் அதைப் பார்த்துவிட்டு வாங்காமலே போகிறார்கள் என்று. ஆர்டர் எடுப்பது வேகமானது, காப்பி போடுவது அதே வேகத்தில்தான் இருந்தது. காசும் ஆட்களும் நிறைந்த கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், இரண்டு அடுப்பும் ஒரு மாஸ்டரும் இருக்கிற கேன்டீனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. 2013-இல் சென்னையில் தொடங்கி, அதே ஆண்டில் மதுரை உட்பட மற்ற மாநகராட்சிகளுக்கும் வந்த அம்மா உணவகத்தில் ஆப் கிடையாது. ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம், மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம். டோக்கனை வாங்கி நகர்ந்தால் தட்டில் விழுந்துவிடும். வகை குறைவு, எல்லாம் முன்பே சமைத்து இறக்கியது, விலை முழு ரூபாய். வரிசையின் வேகம் அடுக்களையில் தீர்மானமாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

அதனால் கேன்டீன் மெனுவை ஆப்புக்குள் ஏற்றும்போது அதை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். பொங்கல், இட்லி, வடை, வெரைட்டி ரைஸ், பப்ஸ், டீ எல்லாம் அள்ளிக் கொடுப்பவை. இவற்றில் ஆப் தலையிடவே கூடாது என்பது என் கருத்து. அண்டாவிலிருந்து ஒரு கரண்டி பொங்கல் வைக்கிற நேரத்தில் யாரும் ஆர்டர் எண்ணைத் தேடி ஸ்கேன் செய்து முடிக்க முடியாது. தோசை, ஆம்லெட், ஃப்ரைடு ரைஸ், கொத்து பரோட்டா ஆகியவை கேட்டபின் செய்பவை. இவற்றுக்குத்தான் முன்பதிவு. இந்த இரண்டு கூட்டமும் ஒரே கல்லா வழியாகப் போவதுதான் பாதி நெரிசலுக்குக் காரணம். டீக்கு வந்தவன் கொத்து பரோட்டாக்காரனுக்குப் பின்னால் நிற்கிறான்.

மூன்று தகவல்

ப்ராஜெக்ட்டுகளில் உணவுப் பட்டியலுக்கான டேபிளில் வழக்கமாகப் பெயர், விலை, படம், சைவமா அசைவமா என்ற விவரங்கள் இருக்கும். வரிசையைக் குறைக்க வேண்டுமென்றால் இன்னும் மூன்று வேண்டும்: ஒரு சுற்றுக்கு எத்தனை போடலாம், ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம், எடுத்து வைத்தால் எவ்வளவு நேரம் தாங்கும்.

மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. மாஸ்டருக்கு அது கைவந்த விஷயம். முறுகல் தோசையை எடுத்து மூடி வைத்தால் ஐந்து நிமிடத்தில் நமத்துப்போகும். கல்தோசை கொஞ்சம் தாங்கும். இட்லி ஹாட்பாக்ஸில் நெடுநேரம் இருக்கும். பரோட்டாவைக் கவனித்துப் பாருங்கள்: பிசைந்த மாவை உருண்டை பிடித்து எண்ணெயில் ஊற வைப்பது காலையிலேயே முடிந்துவிடும். வீசி, சுருட்டி, தட்டி, கல்லில் போட்டு இரண்டு பக்கமும் வேகவிட்டு, நாலைந்தாக அடுக்கி இரு கையாலும் பக்கவாட்டில் அடித்து இதழ் பிரிப்பதுதான் கடைசி வேலை. ஒரு கல் நிறையப் போட்டு எடுக்கலாம், அடித்த பரோட்டா பத்து நிமிடம் கெடாது. அதே பரோட்டா கொத்தாகும்போது கதையே வேறு. முட்டையும் சால்னாவும் ஊற்றிக் கொத்துகிற அந்தச் சில நிமிடங்கள் மாஸ்டரின் இரண்டு கையும் கல்லின் பாதியும் அதற்கே போய்விடும். இன்டர்வெல் நேரத்தில் கொத்து பரோட்டாவை ஆப் மறைத்தே வைக்கலாம். மதியத்துக்கு மேல் திறந்துவிடலாம். இது மாஸ்டரோடு உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினால் கிடைக்கிற தகவல். ஆனால் ஆப் எழுதுகிறவர்கள் மாணவர்களிடம் கூகுள் ஃபார்மில் கருத்துக் கேட்கிறார்களே தவிர, அடுப்படிக்குள் போவதில்லை.

இந்த மூன்று தகவலும் இருந்தால், ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் எத்தனை தோசைக்கு வாக்குக் கொடுக்கலாம் என்று ஆப்பே கணக்குப் போடும். அதற்குமேல் ஒரு ஆர்டர்கூட எடுக்காது. இதைக் கல்யாணப் பந்தியோடு ஒப்பிடலாம். முதல் பந்தியில் இலை எத்தனையோ அத்தனை பேர்தான் உட்கார முடியும், மற்றவர்கள் அடுத்த பந்திக்கு என்று தெரிந்துகொண்டு மணமேடைப் பக்கம் போய்ப் பேசிக்கொண்டிருப்பார்கள். இலைக்குப் பின்னாலேயே போய் நிற்கிறவர்களால்தான் நெரிசல். 'உங்களுக்கு 10:55' என்று முன்பே சொல்லிவிட்டால், பெல் அடித்தவுடன் ஓடி வருவதற்குக் காரணமே இல்லாமல் போகிறது.

மேலே போட்ட கணக்கையே திரும்ப எடுப்போம். 10:15 வரை முன்பதிவு. 60 பேர் தோசை கேட்க வருகிறார்கள். தோசைக்கான இடம் நிறைய நிறைய, 'இட்லி இப்போதே இருக்கிறது, காத்திருக்க வேண்டாம்' என்று ஆப் காட்டுகிறது. 20 பேர் மாறுகிறார்கள். மீதி 40. ஆர்டர் கையில் இருப்பதால் மாஸ்டர் 10:44-க்கே கல்தோசை ஊற்றத் தொடங்கி, பெல்லுக்குள் 12 எடுத்துவிடுகிறார். 11:02-க்குள் இன்னும் 24. மொத்தம் 36. நான்கு பேருக்கு மட்டும் இல்லை, அதையும் 10:15-க்கே சொல்லிவிட்டோம். முன்பு 36 பேர் ஏமாந்த இடத்தில் இப்போது நான்கு பேர். கூடுதல் அடுப்பு வாங்கவில்லை, கூடுதல் ஆள் போடவில்லை. பெல் அடிப்பதற்கு முன்பே அடுக்களைக்குச் செய்தி போனதுதான் வித்தியாசம்.

சாலை நெரிசலுக்கு இதேபோன்ற கணக்கை வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1969-இல் போட்டார், 1996-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. குறுகலான பாலத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் கடக்கப் பார்த்தால் கியூவில் வீணாகும் நேரம் யாருக்கும் பயனில்லாமல் போகிறது. நேரத்துக்கு ஏற்ப கட்டணத்தை மாற்றிக் கூட்டத்தைப் பிரிக்கலாம் என்றார். கல்லூரியில் நேரத்துக்கு ஒரு விலை வைப்பது எனக்குச் சம்மதம் இல்லை. பசிக்கிற நேரத்தில் விலை ஏறுவது எந்த வளாகத்திலும் நியாயமாக இருக்காது. நேரத்தைச் சொல்லி ஒதுக்குவதே போதும்.

மாஸ்டருக்கான திரை

ஆப்பில் இரண்டு பக்கம் இருக்கிறது. மாணவர் பார்க்கும் பக்கத்தில் அழகாக இருக்க எவ்வளவோ உழைக்கிறார்கள். அடுக்களைப் பக்கம் பெரும்பாலும் ஒரு பட்டியல்: ஆர்டர் 101, தோசை 1, ஆம்லெட் 1, ஆர்டர் 102, தோசை 2. மாஸ்டர் இப்படிச் சமைப்பதே இல்லை. இப்போது எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

"அண்ணே, ரெண்டு தோசை."

"இருப்பா, ஊத்தியிருக்கேன். இந்தச் சுத்துல ஒன்னு, அடுத்ததுல ஒன்னு."

"எனக்கு ஒரு முட்டை தோசைண்ணே."

"அப்ப நீ கொஞ்சம் பொறுக்கணும்மா, கல்லு காலியாகட்டும்."

அவர் மனதில் ஓடுவது ஆர்டர் எண் இல்லை, அடுத்த சுற்றில் கல்லில் என்னென்ன விழ வேண்டும் என்பது. ஆகவே திரையில் தெரிய வேண்டியது 'அடுத்த சுற்று: தோசை 4, முட்டை தோசை 2' என்ற ஒற்றை வரி. எட்ட நின்று படிக்கிற அளவுக்குப் பெரிய தமிழ் எழுத்தில். தமிழ் படிக்காத வடமாநிலத் தொழிலாளர்கள் கல்லில் நிற்கும் கேன்டீன்களும் இப்போது நிறைய, அங்கே படமும் எண்ணும் வேண்டும். எது யாருக்கு என்று பிரிப்பது தட்டு எடுத்து வைக்கிறவரின் வேலை, அவருக்குத் தனித் திரை அல்லது தெர்மல் பிரின்டரில் வருகிற துண்டுச் சீட்டு.

மாஸ்டரின் கையில் மாவும் எண்ணெயும் இருக்கும். தொடுதிரையைத் தொட்டு 'முடிந்தது' என்று அழுத்தச் சொல்வது நடக்காத காரியம். மூன்றாவது நாளே அழுத்துவதை விட்டுவிடுவார், அப்புறம் ஆப் சொல்லும் நேரமெல்லாம் பொய்யாகும். முழங்கையால் தட்டுகிற மாதிரி ஒரு பெரிய பட்டன் வைக்கலாம். அதைவிட நல்லது, தட்டை எடுத்து வைக்கும் ஆள் அழுத்துவது. பெட்டிக்கடை வரை வந்துவிட்ட யூபிஐ ஸ்பீக்கர் ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது? கடைக்காரர் போனைப் பார்க்கவே வேண்டாம், காதில் விழுந்தால் போதும் என்பதால். அடுக்களைக்கும் அதே வழிதான் சரி: 'ஆறு தோசை' என்று குரலில் சொல்லட்டும்.

வாங்கிக்கொள்ளும் இடம்

தயாரான தட்டை எப்படி ஆளிடம் சேர்ப்பது என்பதில் பல நல்ல ஆப்கள் தடுமாறும். எல்லா ஆர்டருக்கும் ஓடும் எண் கொடுத்தால், மதியத்துக்குள் 'முந்நூற்று நாற்பத்திரண்டு' என்று கத்த வேண்டியிருக்கும். சத்தத்தில் யாருக்கும் கேட்காது. ஒவ்வொரு ஐந்து நிமிடக் கூறுக்கும் ஒரு நிறம், அதற்குள் ஒன்றிலிருந்து இருபது வரை எண் என்று வைத்தால் 'பச்சை ஏழு' என்று சொன்னால் போதும். வைக்கிற பலகையிலும் அதே நிறம், அதே எண். வாங்கும் இடம் கல்லாவுக்கு எட்டத்தில் இருக்க வேண்டும். முடிந்தால் வேறு வாசல் பக்கம்.

போனில் வரும் அறிவிப்பை மட்டும் நம்பக் கூடாது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-லிருந்து, பையில் சும்மா கிடக்கும் போன் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கப் போய்விடும். அவசரமில்லை என்று கருதும் அறிவிப்புகளைச் சேர்த்து வைத்துத் தாமதமாகத் தரும். சில பிராண்டுகள் இன்னும் ஒரு படி மேலே போய் ஆப்பையே நிறுத்திவிடும். அதோடு, இன்டர்வெல் நேரத்தில் ஒரே கட்டடத்தில் நூற்றுக்கணக்கான போன்கள் ஒரே டவரைப் பிடித்துக்கொண்டிருக்கும். சுவரில் ஒரு பழைய டிவியை மாட்டி நிறத்தையும் எண்ணையும் காட்டுவது இதற்கெல்லாம் சேர்த்துத் தீர்வு.

காத்திருப்பதன் மனநிலையைப் பற்றி டேவிட் மெய்ஸ்டர் என்ற நிர்வாகவியல் அறிஞர் 1985-இல் எழுதியவை இன்றைக்கும் பொருந்துகின்றன: எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு நீளமாகத் தெரியும், காரணம் சொல்லாத காத்திருப்பும் அப்படியே, நியாயமில்லாத காத்திருப்பு நியாயமான காத்திருப்பைவிட நீளமாகத் தெரியும். 8 நிமிடம் என்று காட்டிவிட்டு 12 ஆனால் அடுத்த நாள் அந்த ஆப்பை யாரும் நம்ப மாட்டார்கள். 12 என்று காட்டி 10-இல் கொடுங்கள்.

போன் இல்லாதவர்கள்

நியாயம் என்றதும் முதலில் வருவது இதுதான். நம் பக்கத்துக் கல்லூரிகள் சிலவற்றில் வளாகத்துக்குள் போன் எடுக்கவே கூடாது என்று விதி இருக்கிறது. விதி இல்லாத இடத்திலும் டேட்டா தீர்ந்தவர், சார்ஜ் இல்லாதவர், இருபது ரூபாய்த் தாளோடு மட்டும் வந்தவர் இருப்பார்கள். ஆப்பில் ஆர்டர் போட்டவர் பின்னால் வந்து முன்னால் வாங்கிப் போவதை அவர் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. கல்லின் கொள்ளளவில் ஒரு பங்கை, பாதி என்று வைத்துத் தொடங்கலாம், நேரில் வருபவர்களுக்கென்றே ஒதுக்க வேண்டும். காலையில் வகுப்புப் பிரதிநிதி ஒருவர் எல்லோருக்குமாகச் சேர்த்துச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம், அதைக் கேன்டீனில் ஒருவர் ஏற்றிக்கொள்ளலாம். ப்ளே ஸ்டோரிலிருந்து இறக்கச் சொல்வதைவிட, கியூஆரை ஸ்கேன் செய்தால் திறக்கிற இணையப் பக்கமாகவே வைப்பது, இடம் நிறைந்த மலிவு போன்களுக்கு உதவும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'முதலில் 200 ரூபாய் வாலட்டில் போடு' என்கிற ஏற்பாடு, அன்றன்றைக்குச் செலவுக்குக் காசு வாங்கி வரும் பிள்ளையை வெளியே தள்ளிவிடும். வாலட் வேண்டாம், அந்தந்த ஆர்டருக்கு மட்டும் பணம் போதும். 2016-இல் வந்த யூபிஐயில், 2020 ஜனவரியிலிருந்து வணிகர் கட்டணம் கிடையாது. ஆனால் இடையில் நின்று பணத்தை வாங்கிக் கைமாற்றும் பேமென்ட் கேட்வே நிறுவனம் தன் சேவைக்கென்று பிடிக்கலாம், பணம் அடுத்த வேலை நாள்தான் கணக்குக்கு வரலாம். கேன்டீன் எடுத்து நடத்துகிறவருக்கு இது பெரிய விஷயம். விடியற்காலையில் பரவை மார்க்கெட்டிலோ மாட்டுத்தாவணியிலோ காய் வாங்கக் கையில் காசு வேண்டும். நேற்று விற்ற பணம் இன்றைக்கு இல்லையென்றால், அவர் ஆப்பை மெல்லக் கைகழுவிவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. நேராக அவருடைய கியூஆருக்கே பணம் போகிற மாதிரி வைப்பது இருவருக்கும் நல்லது.

யார் என்ன சாப்பிட்டார்கள் என்ற பதிவையும் கவனமாகக் கையாள வேண்டும். ஒரு மாணவி எந்த நாளில் அசைவம் சாப்பிட்டாள், யார் நோன்பு, யார் மதியம் சாப்பிடுவதே இல்லை என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் தெரிந்துவிடும். இது வார்டனுக்கோ வீட்டுக்கோ போக எந்தக் காரணமும் இல்லை. சமையல் கணக்குக்கு எண்ணிக்கை போதும், பெயர் தேவையில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமும் வந்துவிட்டது. அன்றைய ஆர்டர்களில் பெயரை அன்று இரவே அழித்துவிடுவது சுத்தமான வழி.

பெல்லும் ப்ராஜெக்ட்டும்

வகுப்பு சரியான நேரத்துக்கு முடிவதில்லை என்பதும் ஆப்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெல் அடித்த பின்னும் ஆசிரியர் கடைசி வரியை முடித்துவிட்டுத்தான் விடுவார். அதற்குள் 10:55 தோசை ஆறிப்போகும். 'ஐந்து நிமிடம் தள்ளிவை' என்ற ஒரே பட்டன், கல்லில் ஊற்றுவதற்கு முன்பு வரை வேலை செய்தால் போதும். இதைவிடப் பெரிய மாற்றம் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. துறைகளைப் பாதியாகப் பிரித்து இன்டர்வெல்லைப் பத்து நிமிடம் தள்ளி வைத்தால், 150 பேர் 75-75 ஆகிவிடுவார்கள். எந்த ஆப்பும் அவ்வளவு செய்யாது. முதல்வரிடம் போய் வாய்ப்பேச்சாகக் கேட்டால் டைம்டேபிளைத் தொட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஒரு மாதத்து ஆர்டர் நேரங்களைப் படமாகப் போட்டு, 10:51-இல் எழும் அந்த ஒற்றைக் கோபுரத்தைக் காட்டிக் கேட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால் கேன்டீன் ஆப்பின் மிகப் பெரிய பயன் இதுவாகக்கூட இருக்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டாம். காலை பத்து மணிக்குள் எத்தனை பேருக்குச் சாப்பாடு என்ற எண் அடுக்களைக்குப் போனால், எவ்வளவு அரிசி போடுவது என்ற ஊகம் குறையும். ஒன்றேகால் மணிக்குச் சாதம் தீர்ந்து மறுபடி உலை வைப்பதும் குறையும், மாலையில் கொட்டுவதும் குறையும்.

இந்த ஆண்டு யாராவது இந்தத் தலைப்பை எடுத்தால், கோட் எழுதுவதற்கு முன் ஒரு வாரம் இன்டர்வெல்லில் கேன்டீனில் நின்று அளந்து வையுங்கள். சராசரி போதாது. கடைசியாக வாங்கிய பத்துப் பேர் எத்தனை நிமிடம் நின்றார்கள், எத்தனை பேர் வாங்காமல் திரும்பினார்கள் என்பதையும் குறியுங்கள். பிறகு மாஸ்டரிடம் உட்கார்ந்து அந்த மூன்று தகவலை எழுதிக்கொள்ளுங்கள். முதலில் அடுக்களைத் திரையை எழுதுங்கள், தோசை என்ற ஒரே பண்டத்துக்கு, ஒரே இன்டர்வெல்லுக்கு. மாணவர் பக்கத்துக்கு ஆரம்பத்தில் ஒரு சாதாரண ஃபார்ம் போதும். இரண்டு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். கடைசிப் பத்துப் பேரின் நேரம் குறையவில்லை என்றால் சுற்றுக் கணக்கில் தப்பு இருக்கிறது, மாஸ்டரிடமே திரும்பப் போய்க் கேளுங்கள். குறைந்திருந்தால் ஆம்லெட்டைச் சேருங்கள்.